பச்சைக்குக் கீழே

"பிளேடைப் படுக்கப் போட்டுச் சுரண்டு பாப்பா, நிமுத்திப் பிடிச்சா இரும்பையும் சேத்துக் கொண்டாந்துரும்" என்று சொல்லிவிட்டு பெயிண்டர் தஸ்தகீர் பட்டறையின் அந்தக் கோடிக்குப் போய் அரைமணி நேரமாயிற்று, ஆனால் அவர் குரல் போகவில்லை, நித்திலாவின் தொண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டு அதே வாக்கியத்தை அதே மூக்கடைப்போடு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது, 'இரும்பையும்' என்கிற இடத்தில் வரும் சின்ன இழுப்பு உட்பட. பதினேழு வயதில் அவளுக்குக் கைவசம் நாற்பது சொச்சம் குரல்கள் இருந்தன. பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, எடப்பாடி டவுன் பஸ் கண்டக்டர், போனில் வழி சொல்லும் பொம்பளை, மாரியம்மன் பண்டிகைக்கு மைக் பிடிக்கிறவர், எல்லாரும் வரிசையில் நின்றார்கள், கூப்பிட்டால் வந்தார்கள். இன்றைக்குக் காலையில் பதினோரு மணிக்கு அவள் கூப்பிட்டது அப்பா சென்னியப்பனின் குரலை. சார்ஜில் கிடந்த அப்பாவின் போனை எடுத்து, ஆறு வருஷமாக யாரும் தொடாத நம்பரைத் தொட்டு, முதலில் அப்பாவின் கனைப்பு, ம்க்கும், அப்புறம், "அண்ணா, நீ சொன்னதுதான் சரி. இன்ஜின் பச்சைதான். ஒருக்கா வந்து பாத்துட்டுப் போ." அந்தப்பக்கம் பெரியப்பா நாச்சிமுத்து. ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் "வாரேன்" என்றார், வைத்துவிட்டார். அவர் வைத்த பிறகுதான் இவளுக்குத் தான் சொன்னது உறைத்தது, ஏனென்றால் இன்ஜின் பச்சையா இல்லையா என்பது இந்தச் சங்ககிரியில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் இப்போது சுரண்டிக்கொண்டிருக்கிறாள். பெருந்துறையிலிருந்து பெரியப்பா நாலரை மணிக்கெல்லாம் வந்துவிடுவார். இன்ஜினுக்குக் கேஸ்கட் வாங்கச் சேலம் போன அப்பாவும் அதே நேரத்துக்குத்தான் திரும்புவார். பச்சை வரோணும். மணி மூணேகால். பச்சை வரோணும்.

இரும்பு ஸ்டாண்டின் மேல் அந்த இன்ஜின் ஒரு கிழட்டு எருமை மாதிரிக் காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. அது கிடந்த லாரிக்கு மூக்கன் என்று பெயர், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பானட்டை வைத்து யாரோ இட்டது. வாங்கி ஐம்பத்து நாலு வருஷம், அதில் இருபது வருஷம் தகரக் கொட்டாயில் தார்ப்பாய்க்குக் கீழே. வருகிற ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் பழைய வண்டிகளின் கண்காட்சி, இன்ஜின் நிறம் உட்பட எல்லாம் அசலாக இருக்கவேண்டும் என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். அப்பா தேடாத இடமில்லை. கம்பெனிப் புத்தகத்தில் கறுப்பு வெள்ளைப் படம். நெட்டில் பத்துப் படம், பத்தும் பத்து நிறம். கடைசியில் "எனக்குத் தெரியாததா, நீலம்" என்று சொல்லிவிட்டு நோட்டீஸை மடித்து வைத்துவிட்டார். நீலம் என்று அவர் சொல்லும்போது வீட்டில் எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள். பவானியில் ஒரு கல்யாணப் பந்தியில் இந்த நீலம்தான் கிளம்பியது. அவளுக்கு அப்போது பதினொன்று, எதிர் வரிசையில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். பேச்சு எப்படியோ மூக்கனுக்குப் போய், மூக்கனிலிருந்து இன்ஜினுக்குப் போய், பெரியப்பா "பச்சை, நல்லா நெனப்பிருக்குது" என்றார், அப்பா நீலம் என்றார், பச்சை, நீலம், பச்சை, நீலம், சம்பந்தி வீட்டார் சிரிக்க ஆரம்பித்தார்கள், சிரிப்பைப் பார்த்ததும் அப்பாவுக்கு இன்னும் ஏறிப்போய், "கண்ணு ஆபரேசன் பண்ணினவன் கலரைப் பத்திப் பேசறான் பாருங்க" என்றார். பெரியப்பாவுக்குப் புரை எடுத்து அப்போதுதான் ஒரு மாசம். ரசம் ஊற்றிய சோறு அப்படியே கிடக்க, இலையை மூடாமல் எழுந்து போனார். பந்தியில் பாதியில் எழுந்து போன மனுஷனை அப்புறம் யார் போய்க் கூப்பிடுவது. அப்பா போகவில்லை. அந்தப் பாதி இலை அப்படியே ஆறு வருஷமாக விரிந்து கிடந்தது. நித்திலா யோசித்துப் பார்த்திருக்கிறாள், நிலத்துக்காக வெட்டிக்கொண்ட அண்ணன் தம்பிகள் உண்டு, நகைக்காகக் கோர்ட்டுக்குப் போனவர்கள் உண்டு, உலகத்திலேயே இன்ஜினுக்கு அடித்த பெயிண்டுக்காகப் பேச்சை விட்டவர்கள் இவர்கள் ரெண்டு பேராகத்தான் இருக்கும். சொன்னால் வெளியே சிரிப்பார்கள். அவளே சிநேகிதிகளிடம் ரெண்டு குரலிலும் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறாள். நடித்து முடித்ததும் அவள் மட்டும் சிரிக்கமாட்டாள்.

மேல் பூச்சு வெள்ளி. பிளேடு பட்டதும் சீவின தேங்காய் மாதிரிச் சுருண்டு வந்தது. வெள்ளிக்குக் குரல் கொடுத்தால் அது மைக்செட்டுக்காரர் குரல், எல்லாம் பளபளப்பு, உள்ளே ஒன்றுமில்லை. அதற்குக் கீழே கறுப்பு, பிசுக்கு ஏறிய கெட்டிக் கறுப்பு, இது தலைமையாசிரியை. கறுப்புக்குக் கீழே மிளகாய்ப்பழச் சிவப்பு ஒரு நூல் கனத்துக்கு, யார் அடித்தார்களோ, எந்தக் கட்சி ஜெயித்த வருஷமோ. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வண்டிக்குப் பெயிண்ட் அடிக்காவிட்டால் வண்டி கோபித்துக்கொள்ளும் என்று நினைக்கிற ஊர் இது. டயருக்குக் கறுப்பு, ரிம்முக்கு வெள்ளை, இன்ஜினுக்குக் கையில் அகப்பட்டது. அடித்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் ஏற்றி, அடுத்த வருஷம் அதன்மேலேயே அடித்து. மரத்துக்கு வளையம் மாதிரி இதற்குப் பூச்சு என்று நினைத்துக்கொண்டே பெயிண்டைக் கரைக்கிற தின்னரில் நனைத்த பஞ்சால் துடைத்தாள், வாசனை மூக்கில் ஏறித் தலை லேசாகக் கிறுகிறுத்தது, துடைத்த இடத்தில் நீலம் எட்டிப் பார்த்தது. ஐயோ. நீலம். சந்தேகமே இல்லாத, பட்டப்பகல் நீலம், அப்பாவின் நீலம். ம்க்கும், எனக்குத் தெரியாததா. அவள் கை நின்றது. அப்பா வந்து பார்ப்பார், பட்டறையே கேட்கிறமாதிரிச் சிரிப்பார், அந்தச் சிரிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பெரியப்பா வாசலில் வந்து நிற்பார், தன்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள் என்று நினைப்பார், செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போவார். மறுபடி போன் பண்ணிப் பெரியப்பாவை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா. யார் குரலில் சொல்வது. அப்பாவின் குரலிலா, வராதேண்ணா என்றா. அதைச் சொல்ல அந்தத் தொண்டைக்கு வாய் வராது, எப்பேர்ப்பட்ட வேடிக்கைக்கும் வராது. நிக்காதே, சுரண்டு, நீலத்தோட முடிஞ்சுதுன்னு யார் சொன்னது, என்று இந்தத் தடவை கண்டக்டர் குரல் உள்ளே வந்தது, உள்ள போ உள்ள போ, படியில நிக்காதே. நீலம் கனமாக இருந்தது, நாலைந்து வருஷம் விடாமல் அதையே அடித்திருப்பார்கள். சுரண்டினாள். நீலத்துக்கு அடியில், சிரித்துக்கொண்டு, பச்சை.

முதலில் நம்பாமல் எச்சில் தொட்டுத் துடைத்தாள். பச்சைதான். வாழைக்குருத்துப் பச்சை இல்லை, பாசிப்பயறுப் பச்சை, இதுவும் கனம், இதுவும் பல வருஷம். அப்போது அவள் மனசுக்குள் ஒரு கணக்கு தானாக ஓடியது. வண்டி வாங்கும்போது பெரியப்பாவுக்கு நாலு வயசு, அப்பா பிறக்கவேயில்லை. பச்சை அடித்துக்கொண்டிருந்த வருஷங்களில் பெரியப்பா டவுசர் போட்டுக்கொண்டு இன்ஜினை எட்டிப் பார்த்திருப்பார். நீலத்துக்கு மாறின பிறகுதான் அப்பா எட்டிப் பார்க்கிற உயரத்துக்கு வளர்ந்திருப்பார். ரெண்டு பேரும் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ரெண்டு பேரும் பார்த்தது ஒரே இன்ஜின், வேறே வேறே வருஷம். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது, தின்னர் காரணமாகத்தான் இருக்கும். "மாமா, பச்சை வந்திருச்சு" என்று கத்தினாள். கத்திக்கொண்டே பிளேடை ஒருமுறை அசைத்தாள், எங்கேயும் ஒட்டிக்கொண்டு அடம்பிடித்த பச்சை அந்த இடத்தில் மட்டும் பிடிமானமே இல்லாமல் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு செதிலாகப் பட்டென்று கழன்று விழுந்தது. கீழே வெளிர் மஞ்சள். பாலாடை நிறம். நடுவில் செங்கல் நிறத்தில் ஒரு திட்டு. தஸ்தகீர் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். "பச்சை இல்ல பாப்பா. இதா பாரு, கிரீம். நடுவுல செவப்பாத் தெரியுது பாத்தியா, ரெட் ஆக்சைடு. பிரைமரு. இரும்புல மொதல்ல பூசற அந்தப் பிரைமருக்கு மேல மொதக் கோட்டு கிரீம். கேசு முடிஞ்சுது." "நல்லாப் பாருங்க மாமா." "முப்பத்தஞ்சு வருசமாப் பாக்கறேன். உங்கப்பனும் தோத்தான், உங்க பெரியப்பனும் தோத்தான். எந்திரி, டீ குடி, நான் கலரை ஏத்தறேன்." அவர் போய் வெள்ளை டப்பாவைத் திறந்து மஞ்சளைச் சொட்டச் சொட்ட விட்டுக் குச்சியால் கிண்ட ஆரம்பித்தார். கிண்டும்போது அவர் எப்போதும் பழைய கல்யாணப் பாட்டு ஒன்றை மூக்கால் பாடுவார், இன்றைக்கும் பாடினார்.

கிரீம். பாலாடை. ரெண்டு பேரும் தோற்றார்கள். தோற்றவர்கள் ரெண்டு பேராக இருந்தால் சமாதானம் வருமா, ரெட்டிப்பாகக் கோபம் வருமா. அவள் எழுந்திருக்கவில்லை. தகரக் கூரை சுட்டது, கழுத்து வியர்வை முதுகில் இறங்கியது. பெரியப்பா வந்ததும் என்ன குரலில் வாங்க என்பது என்று யோசித்தாள், அவளுக்கென்று சொந்தமாக ஒரு குரல் இருக்கிறதே, அதை அவர் கேட்டு ஆறு வருஷமாகிறது. இந்த வித்தைக்கே முதல் ரசிகர் அவர்தான். அஞ்சு வயதில் அவரை மாதிரியே இடுப்பில் கைவைத்து "ஏனுங் மாப்ள, வண்டி மைலேஜு தருதுங்களா" என்று அவள் சொன்னபோது நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்தவர். இன்னொருக்கா சொல்லு கண்ணு. இன்னொருக்கா. பந்தியிலிருந்து எழுந்து போன பிறகு அவர் குரலை மறந்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயம் வந்து, குளிக்கும்போது பக்கெட்டுக்குள் குனிந்து தினம் ஒருமுறை அதைப் பேசிப் பார்ப்பாள், துருப்பிடிக்காமல் எண்ணெய் விடுகிறமாதிரி. கனமான, அடிவயிற்றிலிருந்து வருகிற, லோடு ஏற்றின குரல். ஆனால் காலையில் போனில் கேட்ட "வாரேன்" அது இல்லை. அது மெலிந்திருந்தது. ஓரத்தில் தேய்ந்திருந்தது. அவள் பத்திரமாக வைத்திருந்தது ஆறு வருஷத்துக்கு முந்தின பெரியப்பா, அவரும் மேலே மேலே பூசிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார், இவள் பக்கெட்டுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது பச்சையா நீலமா என்று இப்போது அவளுக்கே தெரியவில்லை. முன்னால் குனிந்து நெற்றியைத் துடைத்தாள், கையிலிருந்த வியர்வை அந்தப் பாலாடைத் திட்டின்மேல் ரெண்டு சொட்டாக விழுந்தது, விரலால் துடைத்தாள், விரலில் மஞ்சள் வந்தது. தின்னர் தொடவில்லை. வெறும் வியர்வை. பெயிண்ட் வியர்வைக்குக் கரையுமா. விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள், தின்னருக்கும் கிரீஸுக்கும் பின்னால், மிகத் தூரத்தில், ரொம்பப் பழைய கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி ஒரு வாசனை. மறுபடி பார்த்தாள். அந்தச் சிவப்பு மஞ்சளுக்குக் கீழே இல்லை. மேலே இருந்தது. எந்தப் பெயிண்டரும் பிரைமரைக் கோட்டுக்கு மேலே, அதுவும் நடுவில் மட்டும் வட்டமாக அடிக்கமாட்டான். "மாமா, கிண்டறதை நிறுத்துங்க." "ஏன்?" "இது பெயிண்டு இல்ல. சந்தனம். நடுவுல குங்குமம். மொத ஆயுத பூஜைக்கு வெச்ச பொட்டு. அடுத்த வருசம் தொடைக்காம அது மேலயே பச்சை அடிச்சிருக்கானுங்க." தஸ்தகீர் குச்சியோடு வந்தார், விரலில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தார், முகர்ந்தார். "அந்தப் பயலை மாதிரி நானும் தொடைக்காம அடிச்சிருக்கேன்" என்றார். "ஒரு வண்டி ரெண்டு வண்டியில்ல, கண்ணு." அப்புறம் அவள் நனைத்த பஞ்சால் அந்தப் பொட்டைப் பதமாக ஒற்றி எடுத்தாள், ஒரு ஓரத்தை மட்டும் விட்டுவிட்டாள், எடுக்க மனசு வரவில்லை. சந்தனம் மூடியிருந்த இடத்தில் வெயிலும் புகையும் படாத சாம்பல் நிறம் நேற்று அடித்தது மாதிரிக் கிடந்தது.

சாம்பல். பச்சையும் இல்லை, நீலமும் இல்லை, அப்படி அடித்துச் சொல்லவும் முடியவில்லை, தலையை இந்தப்பக்கம் சாய்த்தால் ஒன்று ஓடியது, அந்தப்பக்கம் சாய்த்தால் இன்னொன்று. அவள் தலையைச் சாய்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் மறைந்தது, வாசலில் ஆள். வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. இளைத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் போட்டார், செருப்பைக் கழற்றினார், அதைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. "வாங்க பெரிப்பா" என்றாள். சொந்தக் குரல், எங்கிருந்தோ கீச்சென்று வந்தது. "காத்தால போன்ல பேசினவன் எங்க?" என்றார் அவர். "அப்பா சேலம் போயிருக்காருங்க, இப்ப வந்துருவாருங்க." "அவனைக் கேக்கல. பேசினவனைக் கேட்டேன்." அவள் பிளேடைப் பார்த்தாள். காது சுட்டது. தஸ்தகீர் டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டார். "கனைப்பெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் பெரியப்பா. "ம்க்கும். அசலு. நானும் சித்த நேரம் நம்பிட்டேன். நீ சொன்னதுதான் சரின்னு சொன்னே பாரு, அங்க மாட்டிக்கிட்டே. உங்கப்பன் பொறந்ததுலருந்து அந்த வார்த்தை அவன் வாயில வந்ததில்ல கண்ணு." "அப்ப தெரிஞ்சுமுங்களா வந்தீங்க?" அவர் பையை ஒரு டிரம்மின்மேல் வைத்தார், வைக்கிறதுக்கே கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். "நம்பரு அவனுதுதானே" என்றார். இன்ஜினுக்குப் பக்கத்தில் வந்து நின்று, தொடாமல், "இத்தனை சின்னதாவா இருந்துச்சு" என்றார்.

அப்பாவின் புல்லட் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது, வாசலில் வந்ததும் நின்றது, நின்ற பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. கழற்றிப் போட்ட செருப்பைப் பார்த்திருப்பார். நித்திலா சகல குரல்களையும் உள்ளே தேடினாள், இந்த நேரத்துக்குப் பேசத் தோதாக ஒருத்தரும் வரவில்லை, தலைமையாசிரியைகூட வாயை மூடிக்கொண்டாள். கேஸ்கட் பொட்டலத்தோடு அப்பா உள்ளே வந்தார். அண்ணனைப் பார்க்கவில்லை, இன்ஜினைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி இன்ஜினை. ம்க்கும். அவள் காலையில் செய்ததைவிடக் கொஞ்சம் ஈரமாக இருந்தது அது. "என்ன வந்துச்சு?" என்றார் மகளிடம். "மேல நீலமுங்க. அதுக்குக் கீழ பச்சை. அதுக்குங் கீழ, மொத மொதல்ல, இது." ரெண்டு பேரும் குனிந்தார்கள், ஒரே சமயத்தில், ஒருவர் தலை இன்னொருவர் தலையில் இடிக்காமல் கடைசி நொடியில் ஒதுங்கிக்கொண்டார்கள், சின்ன வயசில் எத்தனை தடவை இடித்துக்கொண்டார்களோ. சந்தனத்தின் மிச்ச ஓரத்தை அப்பா விரலால் தொட்டார். "சாம்பலா?" என்றார். "சாம்பல்தான்" என்றார் தஸ்தகீர். "ஆனா கறுப்பும் வெள்ளையும் மட்டும் போட்டா இது வராது. ஒரு சொட்டு வேற என்னமோ கலந்திருக்கான்." "நீலம் ஒரு சொட்டு" என்றார் அப்பா, இன்ஜினைப் பார்த்தபடியே. நித்திலாவுக்கு ஆறு வருஷத்துப் பாதி இலை கண் முன்னால் விரிந்தது. பெரியப்பா நிமிர்ந்தார், தம்பியை முழுசாக ஒருதடவை பார்த்தார், நரைத்திருந்த மீசையிலிருந்து கேஸ்கட் பொட்டலம் வரைக்கும். "பச்சை ஒரு சொட்டு" என்றார். "இதுல எங்கண்ணா இருக்குது பச்சை?" "இப்படி வந்து நின்னு பாரு. அங்க நின்னா உனக்கு எப்படித் தெரியும்." அப்பா போனார். அண்ணன் நின்ற இடத்தில் நின்று, அண்ணன் தலையைச் சாய்த்தமாதிரியே சாய்த்துப் பார்த்தார். "இருக்காது" என்றார், ஆனால் உடனே நகரவில்லை. தஸ்தகீர் ரெண்டு டப்பா மூடியைத் துடைத்து எடுத்தார், சாம்பலைக் கலக்கி, ஒன்றில் நீலம் ஒரு சொட்டு, ஒன்றில் பச்சை ஒரு சொட்டு, இன்ஜின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "அதா, நான் சொல்லல?" என்றார்கள் ரெண்டு பேரும் ஒரே குரலில், வெவ்வேறு மூடியைக் காட்டி. "ஈரத்துல எவன் கலரைப் பாப்பான்" என்றார் தஸ்தகீர். "காஞ்சா மூஞ்சி மாறிரும். காயட்டும், காலையில வெயில்ல வெச்சுப் பாக்கலாம். தப்பா இருந்தா மறுபடி கலக்கோணும், அது காய ஒரு நாளு." பெரியப்பா டிரம்மின்மேல் வைத்த மஞ்சள் பையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். அப்பா கனைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "ராத்திரிக்கு ரசம் வெக்கச் சொல்றேன்" என்றார். நித்திலா முகத்தைத் திருப்பிக்கொண்டு, சத்தம் வராமல், உதட்டை மட்டும் அசைத்து, "வாரேன்" என்று அந்த மெலிந்த புதுக் குரலில் சொல்லிப் பார்த்தாள். சரியாக வரவில்லை. பரவாயில்லை, மூடி ரெண்டும் இன்னும் ஈரமாகத்தான் இருந்தன.